எண்ணூரிலிருந்து திரும்பியவன் சேகரக் கமிட்டிக்கு எழுதுவது

நம் சபையை நடத்துகிற அன்புள்ள சேகரக் கமிட்டி அண்ணாச்சிமாருக்கும் வாலிபர் சங்கத்தாருக்கும் ஸ்தோத்திரம்.

2023 ஜூனில் தலையில் கைவைத்து ஜெபித்து, ஓராண்டு ஊழியத்துக்கென்று வடசென்னைக்கு ரயில் ஏற்றிவிட்டீர்களே, அந்தப் பையன்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பத்து நிமிடம் சாட்சி சொல்லச் சொல்கிறீர்கள். அடுத்துப் போக ஆள் தேடுவதாகவும் கேள்விப்பட்டேன். அந்தத் தம்பியோ தங்கச்சியோ கிளம்புவதற்குள் சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும், அது பத்து நிமிடத்தில் அடங்காது. ஆள் அனுப்புகிற வேறு சபைகளும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

மாதாமாதம் அனுப்ப ஓர் அறிக்கைத் தாள் கொடுத்திருந்தீர்கள். நடத்திய கூட்டம், சந்தித்த வீடு, ஆதாயமான ஆத்துமாக்கள் (அதாவது புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர்கள்), புகைப்படம் என்று நான்கு கட்டம். மூன்றாவதில் நான் கோடு கிழித்தே அனுப்பிவந்தேன். நான்காவது மாதம் போன் வந்தது. "அங்க என்னதான்டே செய்யுற?" என்று கேட்டது யார் என்று சொல்ல மாட்டேன். கோபமும் இல்லை, நியாயமான கேள்விதான். அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

விண்ணப்பம் எழுதினேன், அண்ணாச்சி. நான் போய்ச் சேர்ந்த அடுத்த மாதமே மகளிர் உரிமைத் தொகைக்கு முகாம்கள் தொடங்கின. மாதம் ஆயிரம் ரூபாய். ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒரு பெயர், மின்கட்டண அட்டையில் செத்துப்போன மாமனார் பெயர். என் கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொல்லப்போய், கத்திவாக்கத்தில் நான் தங்கியிருந்த சபைக் கட்டிடத்து வராந்தாவில் காலை ஆறு மணிக்கே ஆட்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அதில் பாதிப் பேர் நம் மதமே இல்லை. நான் கேட்கவுமில்லை.

டிசம்பரில் மிக்ஜாம் புயல். மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து, கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற இடம் முழுக்கப் படர்ந்தது. காட்டுக்குப்பத்தில் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புக் கோடு. வலை, படகு, நாய், கொக்கு எல்லாம் ஒரே நிறம். மீனவர்களே படகில் போய்ப் பிளாஸ்டிக் மக்கால் எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். நானும் இரண்டு நாள் போனேன். மூன்றாம் நாள் தலை சுற்றி வாந்தி எடுத்ததில் கரையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். உங்களுக்கு வந்த படம் அப்போது எடுத்ததுதான். அதைத்தான் கிறிஸ்துமஸ் மலரில் அட்டைப்படமாகப் போட்டீர்கள்.

படம் எடுக்கப்படாத ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன். இருளர் அக்கா ஒருவர். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார். பிடித்ததைப் போட பனையோலையில் முடைந்த பறி. கை இரண்டும் தண்ணீருக்குள் வேலையாக இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொள்வார். நம் ஊர்ச் செம்மணல் தேரிக்காட்டில் கருப்பட்டி வைக்கிற ஓலைப்பெட்டியைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அந்த ஓலை இன்னொரு ஊரில் ஒருவர் வாயில் தொங்குவதைப் பார்த்தபோது ஒரு நிமிடம் என்னவோபோல் ஆகிவிட்டது. எண்ணெய் வந்த பிறகு அவர் தண்ணீரில் இறங்க முடியவில்லை. நிவாரணம் கேட்கப் போனால் படகு எண் என்ன, வலை எத்தனை என்கிறார்கள். அவருக்கு இருப்பது இரண்டு கையும் ஒரு பறியும். அதை எந்தக் கட்டத்தில் எழுத? "இன்னா தம்பி, பல்லுன்னு எழுதேன்" என்று சிரித்தார்.

அந்தக் கையும் விரல்ரேகை இயந்திரத்துக்குப் புரியவில்லை. வருடக்கணக்காகச் சேற்றில் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், மறுபடி கட்டைவிரல். சிவப்பு விளக்குத்தான் எரிந்தது. வரிசையில் நின்ற ஒரு பாட்டி, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்து, துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார். நான்காம் தடவை நடுவிரல் விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் அங்கேயே கைதட்டினோம். அந்த மாத அறிக்கையில் எழுத எனக்கு இருந்தது அது ஒன்றுதான். நான்கு கட்டத்தில் எதிலும் அடங்கவில்லை.

டிசம்பர் 26 நள்ளிரவு அமோனியா கசிந்தபோது, ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு பெரியகுப்பம் ஜனங்களோடு நானும் ஓடினேன். அதை அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்வாள், அப்புறம் நான் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். அறிக்கைத் தாளில் அந்த மூன்றாவது, நான்காவது கட்டங்களை எடுத்துவிடுங்கள். கட்டம் இருந்தால் அதை நிரப்பத்தான் பிள்ளைகள் அலைவார்கள். மாதப்படியில் சாப்பாடு போக பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் காசு மிஞ்சவில்லை, கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். போகிறவருக்குப் பாட்டும் பிரசங்கமும் பழக்குகிற மூன்று நாள் பயிற்சியில் ஒரு நாளையாவது தாலுகா அலுவலக வாசலில் கழிக்க விடுங்கள். ஆறாம் மாதம் கோயில் அசன விருந்துக்கு வா என்று கூப்பிடாதீர்கள். நான் ஊருக்கு வந்திருந்த அந்த ஒரு வாரத்தில் இரண்டு விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி போய்விட்டது.

நல்ல சமாரியனைப் பற்றி நம் கோயிலில் எத்தனை பிரசங்கம் கேட்டிருப்போம்! அடிபட்டவனை அவன் ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு பார்த்துக்கொண்ட சத்திரக்காரனைப் பற்றி ஒன்றுகூடக் கேட்ட ஞாபகம் இல்லை. எண்ணூரில் எனக்குச் சோறு போட்டு, வழி சொல்லி, விண்ணப்பத்தில் நான் செய்த தப்பைத் திருத்தியவர்கள் அந்த வகை ஆட்கள்தான். சாட்சி வேண்டுமென்றால் அவர்களில் ஒருவருக்கு ரயில் டிக்கெட் எடுத்து அனுப்புங்கள், பத்து நிமிடத்தை அவருக்குக் கொடுங்கள்.

எனக்கு அந்தப் பத்து நிமிடம் வேண்டாம். ஆராதனை முடிந்ததும் கோயில் வராந்தாவில் ஓர் இடம் மட்டும் கொடுங்கள். நம் தெருவிலேயே விதவைப் பென்ஷனுக்கு எழுதிப்போடாமல் உட்கார்ந்திருக்கிற பெரியம்மாக்கள் ஏழு பேரை எண்ணி வைத்திருக்கிறேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி போதும். தேங்காய் எண்ணெய் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சேகரத்துப் பையன்