புகார் கொடுத்தவரின் வீட்டு முகவரியை ஊருக்கே காட்ட வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவல் நிலையத்தில் ஒருவர் புகார் கொடுத்து வழக்குப் பதிவானால், அவருடைய பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, தொழில், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் எஃப்.ஐ.ஆரில் ஏறிவிடும். அந்த எஃப்.ஐ.ஆர். நகல் குற்றம் சாட்டப்பட்டவர் கைக்குப் போகிறது. பெரும்பாலான வழக்குகளில் காவல் துறை இணையதளத்துக்கும் போகிறது. புகார் கொடுக்க வந்தவரிடம் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இந்த நடைமுறை மாற வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி ஸ்டேஷன் ரைட்டர் வேலைதான், அதாவது நிலையத்தின் எழுத்து வேலைதான் பார்த்தேன். கார்பன் தாள் வைத்து எஃப்.ஐ.ஆர். எழுதியிருக்கிறேன், காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். கணினியில் தட்டியும் இருக்கிறேன். கார்பன் காலத்தில் எத்தனை நகல் எடுத்தோம், கோர்ட்டுக்கு எது, மேலதிகாரிக்கு எது, எந்தக் காவலர் கொண்டுபோனார் என்பதெல்லாம் ரைட்டருக்குத் தெரியும். இன்று ஒரு எஃப்.ஐ.ஆர். பி.டி.எஃப். ஆகி வெளியே போய்விட்டால், அதை யார் யார் பார்த்தார்கள் என்று ஸ்டேஷனில் யாராலும் சொல்ல முடியாது.

ஒரு பெண் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து புகார் கொடுத்தது நினைவிருக்கிறது. முன்பு கூட வேலை பார்த்த ஒருவன் ஓயாமல் போன் செய்து தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தான். அதனாலேயே வேலையை விட்டு, வீடு மாறி, போன் நம்பரையும் மாற்றியிருந்தார். புகாரை எழுதிக்கொண்டிருக்கும்போது, “மேடம், என் புது நம்பரும் அட்ரஸும் அவனுக்குத் தெரிஞ்சிடுமா?” என்று கேட்டார். இன்ஸ்பெக்டரிடம் போய்க் கேட்டேன். “படிவத்துல இருக்கு, நிரப்பித்தானே ஆகணும்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை, படிவம் அப்படித்தான் இருந்தது. வழக்குப் பதிவாகிக் கொஞ்ச நாளில் அந்தப் பெண் மறுபடி ஸ்டேஷனுக்கு வந்தார். புது நம்பருக்கு அவன் போன் செய்திருந்தான். அவர் ஒளிந்து வாழத் தேடிக்கொண்ட முகவரியை அரசாங்க முத்திரையோடு நாங்களே அவனுக்குக் கொடுத்திருந்தோம்.

எஃப்.ஐ.ஆர். இணையத்தில் ஏறுவதை நான் எதிர்க்கவில்லை. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆரை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. தன்மேல் என்ன குற்றச்சாட்டு என்றே தெரியாமல் அலைந்த ஏழைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நகலுக்காக ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய உதவி. ஆனால் குற்றச்சாட்டைத் தெரிந்துகொள்ளவும் ஜாமீன் கேட்கவும் புகார்தாரரின் கதவு எண்ணும் செல்போன் எண்ணும் எதற்கு? என்ன நடந்தது, எங்கே, எப்போது, எந்தப் பிரிவு, புகார் கொடுத்தவர் யார் என்பது போதாதா?

பாலியல் குற்றங்கள், போக்சோ வழக்குகள், தீவிரவாத வழக்குகள் போன்றவற்றை ஏற்ற வேண்டாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஏற்றக்கூடாது என்று முடிவு செய்பவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் மறுக்கப்பட்டவர் எஸ்.பி.யிடம் முறையிடலாம், மூன்று அதிகாரிகள் கொண்ட குழு அதை மூன்று நாளில் பார்க்க வேண்டும். நகல் வேண்டும் என்பவருக்கு இப்படி ஒரு வழி இருக்கிறது. ‘என் விவரத்தை மறைத்துவிடுங்கள்’ என்று கேட்க நினைக்கும் புகார்தாரருக்கு அப்படி எந்த வழியும் சொல்லப்படவில்லை.

நடைமுறையில் மறைப்பதும் கணினி பார்த்துக்கொள்ளும் வேலையாகிவிட்டது. இன்ன பிரிவு என்று போட்டால் எஃப்.ஐ.ஆர். வெளியே தெரியாதபடி தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று நம்பி இருக்கிறோம். அந்த நம்பிக்கை என்ன ஆனது என்று 2024 டிசம்பரில் பார்த்தோம். அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த பாலியல் புகாரின் எஃப்.ஐ.ஆர். வெளியே வந்து, அவருடைய விவரங்கள் போன் போனாகச் சுற்றின. பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.ஸுக்கு மாறும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் பூட்டு தாமதமாகியிருக்கலாம் என்று தேசியத் தகவலியல் மையம் விளக்கம் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. 2019-ல் பொள்ளாச்சி பாலியல் வழக்கிலும் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் காவல் துறை வழியாகவே வெளியானது. அதற்கும் 25 லட்சம் இழப்பீடு தரச் சொன்னது மதுரைக் கிளை. தொகை யார் கொடுத்தால் என்ன, வெளியே போன பெயரைத் திரும்ப வாங்க முடியவில்லை.

பிரிவு எண்ணை வைத்துப் பூட்டுவதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று சொல்லும் பி.என்.எஸ். 72-ஆவது பிரிவு, 64 முதல் 71 வரையிலான குற்றங்களுக்குத்தான் பொருந்தும். பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 78-ஆவது பிரிவு. ஒளிந்திருந்து பார்ப்பதும் படம் எடுப்பதும் 77. இரண்டும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன. பின்தொடர்பவனிடமிருந்து மறைக்க வேண்டிய முதல் விஷயமே முகவரிதான். கந்துவட்டிக்காரன்மேல் புகார் கொடுக்கும் கூலித் தொழிலாளி, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு பாதுகாப்புக் கேட்டு வரும் பிள்ளைகள், திருட்டைப் பார்த்துத் தகவல் சொன்ன வாட்ச்மேன், இவர்கள் புகாரெல்லாம் எந்தப் பிரிவில் தானாகப் பூட்டிக்கொள்ளும்?

சாட்சிகளுக்குத் திட்டம் இருக்கிறதே என்பார்கள். 2018-ல் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. இப்போது புதிய குற்ற விசாரணை முறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் 398-ஆவது பிரிவு மாநிலங்கள் அப்படியொரு திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் அதற்கு மனு போட வேண்டும், போலீஸ் அறிக்கை வர வேண்டும், அதற்கென உள்ள அதிகாரி உத்தரவு போட வேண்டும். அதற்குள் எஃப்.ஐ.ஆர். எப்போதோ எதிராளி கையில் இருக்கும்.

இணையதளம் மட்டும் பிரச்சினை இல்லை. இரவு ரோந்தில் நிறுத்தி எடுக்கும் போட்டோ, வாங்கிப் படம் பிடிக்கும் ஆதார் அட்டை, ஊருக்குப் போகிறவர்கள் நம்பிச் சொல்லிவிட்டுப் போகும் பூட்டிய வீட்டு விவரம், இதெல்லாம் பல நேரம் போலீஸ்காரரின் சொந்த செல்போனில்தான் கிடக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால் அதுவும் கூடவே போகிறது. அவர்மேல் கோபப்பட என்னால் முடியவில்லை. துறை அவருக்குத் தனிப் போன் கொடுக்கவில்லை, மேலே இருந்து ‘உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பு’ என்று உத்தரவு வருகிறது, அவர் என்ன செய்வார்? 2024 மே மாதம் தமிழக காவல் துறையின் முக அடையாள மென்பொருள் தளத்துக்குள் வெளியாட்கள் புகுந்தார்கள். நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் வெளியானதுதான் காரணம் என்று தெரிவித்தார்கள். அத்தனை முகங்களும் ஒரு கடவுச்சொல்லை நம்பி இருந்திருக்கின்றன.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், குற்றத் தடுப்புக்கும் புலன்விசாரணைக்கும் பெரிய விலக்கு கொடுக்கிறது. அதைச் சொல்லி ‘எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது’ என்று பேசும் அதிகாரிகள் அந்த விலக்கைத் தரும் 17-ஆவது பிரிவை முழுதாகப் படிக்க வேண்டும். புலன்விசாரணைக்குத் தரும் விலக்கிலும், தரவைப் பாதுகாப்பாக வைக்க வேண்டும் என்ற 8(5)-ஆம் உட்பிரிவின் கடமை நீங்கவில்லை. ஒப்புதல் கேட்காமல் விவரம் வாங்கலாம், வாங்கியதைச் சிதற விடக்கூடாது.

நான் கேட்பது நடக்கக்கூடியதுதான். முகவரி, போன் நம்பர், பிறந்த தேதி, அடையாள அட்டை எண் ஆகியவற்றைத் தனித் தாளில் எழுதி, கோர்ட்டுக்கும் விசாரணை அதிகாரிக்கும் மட்டும் அனுப்பலாம். அது அகில இந்தியப் படிவம், மாற்ற நாளாகும் என்றால், இணையத்தில் ஏறும் நகலில் அந்தக் கட்டங்களை மட்டும் மறைப்பதற்கு மாநிலக் குற்ற ஆவணக் காப்பகமே ஏற்பாடு செய்யலாம். எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி, புகார் எழுதும்போதே ‘உங்கள் விவரத்தை மறைக்கவா?’ என்று ரைட்டர் கேட்டு, பதிலைப் பதிந்துகொள்ள ஒரு கட்டம் வேண்டும். ஒரு நிமிட வேலை.

அப்புறம், தங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். எஃப்.ஐ.ஆர். நகல் நிருபர்கள் கைக்கு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும், அதைக் குறை சொல்ல வரவில்லை. குற்றச் செய்தியில் ‘இன்ன தெருவைச் சேர்ந்த இன்னாரின் மகள்’ என்று எழுதும் வழக்கத்தை நிறுத்துங்கள். புகார் கொடுத்தவரின் தெருப் பெயரை எடுத்துவிட்டால் செய்தியில் எதுவும் குறையாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்