பில்லைக் குறைக்கவா புகார் கொடுக்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மருத்துவ இணைப்பில் ஒரு மூத்த மருத்துவரின் பேட்டி வந்திருந்தது. நல்ல பேட்டிதான். சர்க்கரை நோயாளிகள் பாதங்களைப் பார்த்துக்கொள்வது பற்றி அவர் சொன்ன பகுதியை வெட்டி எடுத்தும் வைத்திருக்கிறேன். ஆனால் கடைசிப் பத்தியில், மருத்துவமனைகள் மீது புகார் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பில்லைக் குறைப்பதற்காகத்தான் கொடுக்கிறார்கள் என்று ஒரு வரி. அதையே பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். பேட்டி எடுத்தவர் அதற்கு ஒரு மறுகேள்விகூடக் கேட்கவில்லை.

அந்த வரி எங்கள் வீட்டுக்கு வந்த நேரம் அப்படி. அம்மாவுக்கு நடந்ததைப் பற்றிப் புகார் கொடுப்பதா வேண்டாமா என்று நானும் தம்பியும் பல நாள் பேசி, ஒருவழியாக மனு எழுத உட்கார்ந்திருந்தோம். தம்பி உங்கள் கட்டத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "பாத்தியாக்கா, நம்மளையும் இப்படித்தான் நினைப்பாங்க, விட்டுரு" என்றான். மனு பாதியில் நின்றுவிட்டது. நாங்கள் பில் முழுவதையும் கட்டிவிட்டோம் ஐயா. ஊசி, டிரிப்ஸ், படுக்கை என்று அவர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டுத்தான் அம்மாவை வெளியே கூட்டி வந்தோம். ரசீது இருக்கிறது.

அம்மாவுக்கு 67 வயது, பல வருஷமாகச் சர்க்கரை. ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் மூச்சு முட்டுகிறது என்றார். வேர்த்துக் கொட்டியது. தாடையை இழுத்துப் பிடிக்கிறது என்றார். நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டால், வலி இல்லை, பாரமாக இருக்கிறது என்றார். எங்கள் ஊரில் ராத்திரி திறந்திருப்பது ஒரே ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே ட்யூட்டியில் இருந்த இளம் மருத்துவர் அம்மாவிடம் பேசவில்லை, தம்பியிடம்தான் பேசினார். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். பரோட்டா என்றதும் முடிவு செய்துவிட்டார். கேஸ் டிரபிள், வாயுத் தொந்தரவு. ஒரு ஊசி, ஒரு டிரிப்ஸ். தாடை இழுக்கிறது என்று அம்மா மறுபடி சொன்னபோது, வயசானவங்க ராத்திரி நேரத்துல கொஞ்சம் பயப்படுவாங்க என்று சிரித்தபடி சொன்னார். இசிஜி எடுத்துப் பார்க்கலாமா சார் என்று நான் கேட்டேன். மெஷின் அதே அறையில்தான் இருந்தது. "நீங்க டாக்டரா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

விடிகாலையில் அம்மாவால் படுக்கவே முடியவில்லை. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே எங்கள் பெயரை எழுதி முடிப்பதற்குள் இசிஜி எடுத்துவிட்டார்கள். மாரடைப்பு. அப்புறம் மதுரையில் ஆஞ்சியோ, ஸ்டென்ட். அம்மா பிழைத்துவிட்டார். ஆனால் எக்கோ ஸ்கேனில் இதயத்தின் பம்பிங் 35 சதவீதம் என்று வந்திருக்கிறது. மாடிப்படி ஏற முடியாது, குடம் தூக்க முடியாது.

நோயைக் கண்டுபிடிக்கத் தவறிவிட்டார் என்பதல்ல என் கோபம். மருத்துவர்களும் மனிதர்கள்தான். முதல் இசிஜியில் ஒன்றும் தெரியாமல், கொஞ்ச நேரம் கழித்து எடுத்ததில் தெரிவதும் உண்டு, இதயத் தசை பழுதானதைக் காட்டுகிற ட்ரோபோனின் அளவை ரத்தத்தில் பார்க்க வேண்டியும் வரும் என்று மதுரையில் எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார்கள். எடுத்துப் பார்த்துத் தவறவிட்டிருந்தால் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன். சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு பழுதாகி நெஞ்சுவலி தெரியாமலே மாரடைப்பு வரும். பெண்களுக்கு மூச்சிரைப்பு, குமட்டல், அசதி, தாடையிலோ முதுகிலோ வலி என்று வரலாம். என்னைப் போன்றவளுக்கே இது தெரியும். உங்கள் இணைப்பிலேயே இதைப் படித்திருக்கிறேன். படித்தது அன்று ராத்திரி அந்த அறையில் எடுபடவில்லை.

இந்த இடத்தில் உங்கள் பத்திரிகை மீதும் எனக்கு ஒரு பழைய வருத்தம். மாரடைப்பு பற்றி எப்போது கட்டுரை போட்டாலும், கோட்டு போட்ட ஓர் ஆண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம்தான் போடுகிறீர்கள். சேலை கட்டிய ஒரு கிழவி தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படத்தை நான் பார்த்ததில்லை. இதைப் பற்றி முன்பே ஒரு கார்டு எழுதினேன். பதில் வரவில்லை.

எனக்கு முப்பது வயதுவரை மாதாமாதம் சுருண்டு படுக்க வைக்கிற வலி இருந்தது. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள், ஆயிற்று. பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள், பெற்றேன். வேலைக்குப் போகிற டென்ஷன் என்றும் ஒருவர் சொன்னார். கடைசியில் ஓர் அம்மையார் வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வைத்துப் பார்க்கிற லேப்ராஸ்கோப்பி செய்து, கர்ப்பப்பைக்குள் இருப்பது போன்ற சவ்வு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் என்று சொன்னபோது, நோய் என்று ஒன்று இருக்கிறதே, நான் நடிக்கவில்லையே என்று அழுதேன். அந்தப் பிள்ளையைப் பெற்றது அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில். வலியில் கத்துகிற பெண்களை அங்கே என்ன சொல்லித் திட்டினார்கள் என்பதைப் பத்திரிகையில் எழுத முடியாது. பெற்றவர்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது, அவர் கட்டிலுக்கு மேலே நின்று இரண்டு மருத்துவர்கள் ஆங்கிலத்தில் பேசிவிட்டுப் போவார்கள். "என்னம்மா சொல்றாங்க, போயிருவேனா?" என்று என்னைக் கேட்பார். இதற்கெல்லாம் யாரிடம் புகார் கொடுத்தோம்? ஒருவரிடமும் இல்லை. பில்லைக் குறைக்கச் சொல்லியும் யாரையும் கேட்டதில்லை.

புகார் வேண்டாம் என்று தம்பி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாளைக்கு ராத்திரி அம்மாவுக்கு மூச்சு முட்டினால் ஊரில் அதே கதவைத்தான் தட்ட வேண்டும். அந்த இளம் மருத்துவர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் ட்யூட்டி பார்த்தாரோ, யாருக்குத் தெரியும்? புகார் கொடுத்தால் மாட்டுவது அவர். ஒரே ஆளை வைத்து ராத்திரி முழுவதையும் ஓட்டுகிற நிர்வாகம் அல்ல. இந்த எண்ணம் எனக்கும் உறுத்துகிறது. அதோடு 2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில் ஒரு மருத்துவரைக் கத்தியால் குத்தியதை நீங்கள் முதல் பக்கத்தில் எழுதினீர்கள். அதைப் படித்து நானும் பதறினேன். குறை சொல்கிற குடும்பத்தை அதன் பிறகு எல்லோரும் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறார்கள். கையெழுத்துப் போட்டு மனு கொடுப்பவரையும் கத்தி எடுத்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவது என்ன நியாயம்?

மருத்துவமனை வாசலில், ஊழியர்களைத் தாக்கினால் 10 ஆண்டுவரை சிறை என்று 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லும் பலகை இருக்கிறது. இருக்கட்டும், அது வேண்டியதுதான். பக்கத்திலேயே, குறை இருந்தால் இன்னாரிடம் சொல்லுங்கள் என்று இன்னொரு பலகை வைக்கக் கூடாதா? அது இல்லாததால் வாயை மூடிக்கொண்டு போகிறோம், இல்லாவிட்டால் வக்கீலைத் தேடிப் போகிறோம். நடுவில் வழி இருப்பதே தெரிவதில்லை. உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை, ஆனாலும் எனக்குத் தெரியவந்ததைச் சொல்கிறேன். மருத்துவரின் நடத்தை பற்றித் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு எழுதலாம். 2002-இல் வந்த நடத்தை விதிகளின்படி ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். தனியார் மருத்துவமனை என்றால், அதற்குப் பதிவுச் சான்று தருகிற மாவட்டச் சுகாதாரப் பணிகள் இணை இயக்குநரிடம் சொல்லலாம். காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் பார்க்கிற அரசு மருத்துவமனைக்கு அது பொருந்தாது. என் பிரசவ வார்டுக் கதைக்கு அந்தக் கதவும் இல்லை.

எங்கே போனாலும் கையில் காகிதம் வேண்டும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும் என்று அதே 2002 விதிகள் சொல்கின்றன. நாங்கள் கேட்டோம். "எதுக்கு, கேஸ் போடப் போறீங்களா?" என்றார் கவுண்டரில் இருந்த பெண். கிடைத்தது ஓபி சீட்டு மட்டும். அதில் வாயுத் தொந்தரவு என்று ஒரு வரியும் மாத்திரைப் பெயர்களும் இருக்கின்றன. அம்மா சொன்ன தாடை வலி அதில் இல்லை. மூச்சு முட்டியது இல்லை. இசிஜி கேட்டதும் இல்லை. அம்மா அன்று ராத்திரி பேசவே இல்லை என்பது போல இருக்கிறது அந்தச் சீட்டு. எனக்குப் பொறுக்க முடியாதது இதுதான்.

இத்தனைக்கும் அம்மா என்ன சொல்கிறார் தெரியுமா? பாவம் அந்தப் பையன், அவன் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்கிறார். அடுத்த நிமிஷமே, "நான் சொன்னதை அவன் காதுலயே வாங்கலையே" என்று ஆதங்கப்படுகிறார். அந்த மருத்துவரைத் தண்டிப்பது எங்களுக்குத் தேவையில்லை. மூச்சு முட்டல் என்று வருகிற சர்க்கரை நோயாளிக்கு முதலில் இசிஜி எடுப்போம் என்று அந்த மருத்துவமனை எழுதி ஒட்டினால் போதும். இதய நோய்க்கு உடனே தரவேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தயாராக வைக்கும் திட்டத்தை 2023-இலேயே அரசு கொண்டுவந்துவிட்டது. காசு வாங்குகிற இடத்தில் மெஷினை ஆன் செய்ய யோசிக்கிறார்கள்.

ஆகவே மனுவை நான் முடிக்கப் போகிறேன். தம்பி கையெழுத்துப் போடாவிட்டாலும் என் கையெழுத்தில் இணை இயக்குநருக்குப் போகும். கவுன்சிலுக்கு எழுதுவதா என்பதை, முழுக் குறிப்புகளும் கைக்கு வந்த பிறகு அம்மாவைக் கேட்டுத்தான் முடிவு செய்வேன்.

உங்களிடம் கேட்பது சின்ன உதவி. அடுத்த இணைப்பில் அதே அளவில் ஒரு கட்டம் கட்டி, மருத்துவமனையில் குறை என்றால் யாரிடம், எந்த முகவரிக்கு எழுத வேண்டும், என்னென்ன காகிதம் கேட்டு வாங்க வேண்டும் என்று போடுங்கள். அந்த மூத்த மருத்துவரிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவர் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. வெளியிடுவதாக இருந்தால் என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். மாவட்டம் மட்டும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தேனி மாவட்டம்.