எல்லா முதுகுவலிக்கும் புஜங்காசனம் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாளிதழ்களின் நலவாழ்வுப் பக்கத்தில் முதுகுவலி என்றால் ஒரு படம் தவறாமல் வந்துவிடுகிறது: குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கி மேலே பார்க்கும் புஜங்காசனம். டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை போன்ற வட்டு) பிதுங்கிய 30 வயதுக்காரருக்குப் பல சமயம் அது நல்ல பயிற்சிதான். நடந்தால் கால் மரத்துப்போகும் 65 வயதுக்காரர் அதே படத்தைப் பார்த்துச் செய்தால், சாயங்காலம் தெருமுனைக் கடைக்குப் போய்வருவதே பெரும்பாடாகிவிடும். அவருக்கு இருப்பது ஸ்பைனல் ஸ்டெனோசிஸ், அதாவது தண்டுவடக் குழாய்ச் சுருக்கமாக இருக்கலாம். அதற்கு வேண்டியது நேர் எதிரான பயிற்சி.

முதுகெலும்புகளின் உள்ளே நரம்புகள் இறங்கிவரும் குழாய்க்கு முன்புறம் டிஸ்க், பக்கவாட்டில் சிறு மூட்டுகள், பின்புறம் எலும்புகளைப் பிணைக்கும் மஞ்சள் நிற நார். வயது ஏற ஏற டிஸ்க் வற்றி உயரம் குறைகிறது. அது தாங்கிய பாரம் பின்னாலுள்ள மூட்டுகளின் மேல் விழ, அவை தடிக்கின்றன. நாரும் தடித்து, தொய்ந்து உள்ளே மடிகிறது. இடுப்பில் 4, 5ஆம் எலும்புகளுக்கு நடுவே, ரிப்போர்ட்டில் ‘எல்4–எல்5’ என்று எழுதும் இடத்தில்தான் இது அதிகம். பின்னால் வளையும்போது அந்த நார் மேலும் மடிந்து குழாயை நெருக்கும். முன்னால் குனியும்போது இழுபட்டு வழிவிடும். நோயாளி செய்ய வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும் பெரும்பாலும் இதிலிருந்தே வருகின்றன.

அறிகுறியும் அப்படித்தான். கொஞ்ச தூரம் நடந்ததும், அல்லது வரிசையில் நின்றதும், புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை கனத்து, மரத்து, இழுக்கும். உட்கார்ந்தால் சில நிமிடங்களில் விட்டுவிடும். வெறுங்கையோடு தெருக்கோடி வரை நடக்க முடியாத பெரியவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் இரண்டு தெரு தாண்டுவார். ஹேண்டில்பாரில் சாய்ந்து குனிந்தபடி நடக்கிறார் அல்லவா, அதுதான் காரணம். ஏறி மிதித்தால் இன்னும் சுகம். மேட்டில் ஏறுவதைவிடப் பள்ளத்தில் இறங்குவது சிரமமாக இருப்பதும் இந்த நோயின் அடையாளம்.

நம் ஊரில் இதைச் ‘சுகர் நரம்பு’ என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். சர்க்கரையால் வரும் நரம்புக் கோளாறில் இரண்டு பாதங்களும் எரியும். ராத்திரி படுத்த பிறகு அதிகமாகும். உட்கார்ந்தாலும் குனிந்தாலும் மாறாது. கால் ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், ஆனால் சும்மா நின்றாலே குறைந்துவிடும், உட்காரத் தேவையில்லை. சைக்கிள் மிதித்தாலும் வலிக்கும். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம் என்பதால் மருத்துவர் பாதத்து நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்ப்பது அவசியம். எம்.ஆர்.ஐ. மட்டும் போதாது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த 1990ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வு ஒன்றில், 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குக் குழாய் சுருங்கியிருந்தது. சிகிச்சை ஆளுக்குத்தான், படத்துக்கு அல்ல.

பயிற்சியைக் கெட்டியான கட்டிலிலேயே செய்யலாம். மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடக்கி, ஒரு காலை நெஞ்சை நோக்கி இழுத்து 20 முதல் 30 விநாடி பிடிக்க வேண்டும். காலுக்கு மூன்று முறை, பிறகு இரண்டு காலும் சேர்த்து மூன்று முறை. முழங்கால் தேய்ந்தவர்கள் முழங்காலுக்கு மேல் பிடித்து அமுக்கக் கூடாது. தொடைக்கு அடியில் கையைக் கோத்து இழுக்க வேண்டும். அடுத்து, அதே நிலையில் வயிற்றை உள்ளிழுத்து, இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவிலுள்ள இடைவெளி மறையும்படி அழுத்தி 5 விநாடி, 10 தடவை. மூச்சைப் பிடிக்கக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் செய்யும் தவறு இதுதான். நாற்காலியில் உட்கார்ந்து, காலை அகட்டி, கை தரையைத் தொடக் குனிவதும் பலன் தரும். ஆனால் எலும்பு மெலிவு உள்ளவர்களுக்கு வேண்டாம், முதுகெலும்பு முன்பக்கம் நசுங்கக்கூடும். முதுகைப் பின்னால் வளைக்கும் புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம், சக்கராசனம் ஆகியவற்றை இந்த நோயாளிகள் விட்டுவிடலாம்.

‘வலித்தால் நடக்காதே’ என்பது தவறான அறிவுரை. நடக்காவிட்டால் தொடைத் தசை கரைந்து, எடை கூடி, சர்க்கரையும் ஏறும். வலி எத்தனை நிமிடத்தில் தொடங்குகிறது என்று ஒருநாள் கடிகாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 8 நிமிடம் என்றால் 5 நிமிடம் நடந்து, வலி வரும் முன்பே 2 நிமிடம் குனிந்து உட்காருங்கள். இப்படி நான்கு சுற்று. வாரம் ஒரு நிமிடம் கூட்டிப் பார்க்கலாம். வலி வந்த பிறகும் பல்லைக் கடித்து நடப்பவர்கள் மறுநாள் நடப்பதே இல்லை. வீட்டில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிள் இருந்தால் தினம் 10 முதல் 15 நிமிடம் மிதிக்கலாம்.

வீட்டில் தொல்லை தருவது அடுப்படி. மேடை முன்னால் நேராக நிற்கும்போது இடுப்பு உள்வாங்கி வளைகிறது. காலடியில் 10, 15 செ.மீ. உயரப் பலகை போட்டு ஒரு காலை அதன்மேல் வைத்து, சில நிமிடத்துக்கு ஒருமுறை கால் மாற்றினால் அந்த வளைவு தளரும். காய் நறுக்குவதை மேஜை முன் உட்கார்ந்து செய்யலாம். தலைக்கு மேலே கட்டிய கொடியை நெஞ்சு உயரத்துக்கு இறக்குங்கள். அண்ணாந்து துணி காயப்போடுவது தினசரி புஜங்காசனம்தான். பரணில் சம்படம் வைக்காதீர்கள். குப்புறப் படுக்க வேண்டாம். ஒருக்களித்து, காலை மடக்கி, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துப் படுப்பது நல்லது.

இடுப்பு பெல்ட்டை வெளியே நடக்கும் நேரத்துக்கு மட்டும் கட்டலாம். நாள் முழுக்கக் கட்டினால் தசை சோம்பேறியாகிவிடும். ‘நரம்பு ஊசி’ என்று போடும் பி12 வைட்டமின், சுருங்கிய குழாயை விரிக்காது. அந்தச் சத்து குறைந்தவர்களுக்கு மட்டுமே பயன். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுநாள் சாப்பிடுபவர்கள் ரத்தத்தில் அளவு பார்த்துக்கொள்ளலாம். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கலாம், ஆனால் சர்க்கரையைச் சில நாள் ஏற்றிவிடும். வலிமாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுவது சிறுநீரகத்துக்குக் கேடு.

வயதால் வரும் சுருக்கத்தை அடியோடு தடுக்கும் வழி கிடையாது. சிலருக்குப் பிறவியிலேயே குழாய் குறுகல். தொப்பை குறைந்தால் இடுப்பின் உள்வளைவு குறையும்; புகையை விட்டால் டிஸ்க் வற்றும் வேகம் தணியும். அவ்வளவுதான் நம் கையில் இருப்பது.

காத்திருக்கக் கூடாதவை சில உண்டு. சிறுநீர் வராமல் அடைபடுவது, தன்னை அறியாமல் மலம் கழிவது, சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாதம் தொங்கி, செருப்பு தானாகக் கழன்றாலும் தள்ளிப்போடாதீர்கள். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறி, நடையும் தள்ளாடினால் சுருக்கம் கழுத்தில் இருக்கலாம். அதற்கு மேலே சொன்ன பயிற்சி எதுவும் தீர்வாகாது.

ஆசிரியரிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை புஜங்காசனப் படத்தை வெளியிடும்போது, அதன் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டுகிறோம்: ‘நடந்தால் கால் மரத்து, உட்கார்ந்தால் சரியாகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.’

இப்படிக்கு,
இயன்முறை சிகிச்சையாளர்கள் சிலர்,
திருச்சி.