'இவருக்குப் பதில் இவர்': காதுக்கும் சொல்லுங்கள்

இரவு ஏழரை மணித் தொடரின் இயக்குநருக்கும், கதை, திரைக்கதை, வசனம் எழுதும் குழுவினருக்கும், தொலைக்காட்சியின் நிகழ்ச்சிப் பிரிவினருக்கும் வணக்கம்.

தொடரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. 'பெரியம்மா' என்றால் உங்களுக்கே புரியும். நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று மகள் வீட்டுக்குப் பெட்டியோடு கிளம்பி, ஏழு மாதம் கழித்துப் போன திங்கட்கிழமை வாசலில் வந்து நின்றாரே, அவரேதான். போனவர் ஒருவர், வந்தவர் வேறொருவர். அதில் எனக்கு வருத்தமில்லை. கால்ஷீட் கிடைக்காமல் போயிருக்கும், சம்பளத் தகராறு இருந்திருக்கும், உடம்புக்கு முடியாமல் போயிருக்கும். நடிகர்களும் மனிதர்கள்தானே. புதிதாக வந்தவர் நன்றாகவும் நடிக்கிறார். என் குறை வேறு.

என் அம்மாவுக்குக் கண் தெரியாது. கிளாக்கோமா. ஓரத்திலிருந்து மங்க ஆரம்பித்து, வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகிக்கொண்டே வந்து, இப்போது விளக்கு எரிகிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். உங்கள் தொடரை முதல் எபிசோடிலிருந்து ஒரு நாள் விடாமல் கேட்கிறார். 'சீரியல் பார்க்கிறேன்' என்றுதான் சொல்வார். நாற்காலியை டிவிக்கு நேராகப் போடச் சொல்லி, முகத்தைத் திரைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டுதான் உட்காருவார்.

திங்கட்கிழமை கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. அப்புறம் வெறும் பின்னணி இசை. வீட்டில் இருக்கும் பதினோரு பேரின் முகத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "யாருடி வந்திருக்கா?" என்று அம்மா கூப்பிட்டார். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள், திரையின் அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்ற எழுத்து வந்து மறைந்துகொண்டிருந்தது. அதன் பிறகுதான் வந்தவர் பேசினார். எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டார்.

"இது பெரியம்மா குரல் இல்லையே?"

"ஆள மாத்திட்டாங்கம்மா" என்றேன்.

"அதத்தானேடி நானும் சொல்றேன்! சின்ன மாமா பாவி, ஆள மாத்தி உள்ள விட்டுட்டான்!"

அன்றைக்கு வாயை விட்டதுதான். இன்று வரை அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. நடிகை மாறிவிட்டார், பாத்திரம் அதேதான் என்று ஆறு நாளாக விளக்குகிறேன். அம்மா நம்பத் தயாராக இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. இதே தொடரில் இரண்டு வருஷம் முன்பு மூத்த மருமகனின் இரட்டைப் பிறவி அந்த வீட்டிலேயே மூன்று மாதம் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தானே, கட்டின மனைவிக்கே தெரியாமல்? அதற்கு முன்னால் முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டு ஒருத்தி வந்தாள். பாடம் நடத்தியவர்கள் நீங்கள், நன்றாகப் படித்தவர் அம்மா. தெரியாத குரலில் ஒருத்தி வந்து நான்தான் பெரியம்மா என்றால், உங்கள் கதைச் சட்டப்படி அவள் வேஷக்காரியாகத்தான் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பெரியம்மா இளைய மருமகளுக்குப் பால் கொண்டுவந்து கொடுத்தார். "குடிச்சிராதடி!" என்று அம்மா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நீங்கள் பாசக் காட்சி என்று எடுத்தது எங்கள் வீட்டில் கொலை முயற்சியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். ஆளை மாற்றும்போது எழுத்தில் போடுவதை வாயாலும் சொல்லுங்கள். 'இனி பெரியம்மாவாக நடிப்பவர் இன்னார்' என்று ஒரே ஒரு வரி. ஐந்து விநாடி ஆகுமா?

குரல் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். புரோமோவுக்கு இடி மாதிரி ஒரு குரல் வைத்திருக்கிறீர்கள். இரண்டு தொடரை ஒட்டவைத்து மகாசங்கமம் என்று ஒரு மணி நேரம் ஓட்டும்போது, அதே குரல் ஒரு வாரம் முன்பிருந்தே நாள், நேரம் எல்லாம் சொல்லி எங்களை மிரட்டுகிறது. அந்த மனிதர் பெரியம்மாவுக்காக ஒரு தடவை மூச்சு விட்டிருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், போன வருஷம் நீங்கள் கதாநாயகியையே மாற்றினீர்கள். எனக்கு அந்தப் புது முகம் பழக ஒரு மாதம் ஆனது. அம்மாவுக்கு அவள் மாறியதே தெரியாது, ஏனென்றால் டப்பிங் பேசுபவரை நீங்கள் மாற்றவில்லை. எங்கள் வீட்டில் உங்கள் கதாநாயகி என்றால் அந்த டப்பிங் கலைஞர்தான். முகம் யாருடையதாக இருந்தாலும் அம்மாவுக்கு ஒன்றுதான். ஆகவே இன்னொரு யோசனை: நடிகரை மாற்றினாலும், முடிந்தால் குரலையாவது விட்டுவையுங்கள். முடியாவிட்டால் பரவாயில்லை, சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

சொல்லிவிட்டால் ஜனங்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் திடீரென்று மறைந்தார். டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில்தான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. செய்தியில் சொன்னார்கள், அம்மா கேட்டார், அன்று சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. பிறகு அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தபோது, "பாவம், இவர் என்ன செய்வார், அந்தக் குரல் இனிமே வராதில்ல" என்று மட்டும் சொன்னார். ஆள் மாறாட்டம் என்று சந்தேகப்படவில்லை. ஏன் மாறியது என்பது அவர் காதுக்கு வந்து சேர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அம்மா கடைசியாகப் 'பார்த்த' தொடர் 'மெட்டி ஒலி'. 2002இல் தொடங்கியபோது கண்ணால் பார்த்தார். 2020 ஊரடங்கில் சன் டிவியில் அதை மறுபடி போட்டபோது காதால் பார்த்தார். சிதம்பரத்தின் ஐந்து பெண்களில் யார் பேசுகிறார்கள், யார் விசும்புகிறார்கள் என்று எனக்கு முந்தி அவர் சொல்வார். முகம் எல்லாம் அவரிடம் ஏற்கெனவே இருந்தது. உங்கள் தொடரில் முகம் ஒன்றுகூட அவரிடம் கிடையாது. குரல்களை வைத்துத்தான் அந்த வீட்டையே கட்டி வைத்திருக்கிறார். அதில் ஒரு தூணைச் சொல்லாமல் உருவினால் எப்படி?

சட்டம் பேச வரவில்லை. ஆனாலும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 42ஆம் பிரிவு, பார்வையற்றோருக்குக் காட்சியை வாய்மொழியாக விவரிக்கும் ஒலி விவரிப்பைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நான் அவ்வளவு தூரம் போகவே இல்லை. ஒரு வரி கேட்கிறேன்.

எழுத உட்கார்ந்ததும் மற்றதெல்லாம் வாய்க்கு வருகிறது. அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். யாராவது யாரையாவது அறைந்தால், அந்த அறையை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுகிறீர்கள். சத்தமும் மூன்று தடவை வருகிறது. அம்மா எண்ணிக்கொண்டே இருப்பார். "மூணு அடியா அடிச்சான்? பொண்ணு தாங்குவாளா?" ஒன்றுதான் என்று நான் சொன்னால், அவனுக்கு நான் பரிந்து பேசுகிறேன் என்று கோபித்துக்கொள்கிறார். அடித்தது யார், வாங்கியது யார் என்பது திங்கட்கிழமைதான் தெரியும், ஏனென்றால் சனிக்கிழமை அந்தச் சத்தத்தோடு 'தொடரும்' போட்டுவிடுகிறீர்கள். கதாநாயகியை மூன்று முறை கடத்தியாயிற்று, இரண்டு முறை நினைவு தப்பியாயிற்று. ஒவ்வொரு முறையும் அதே மாந்தோப்பு பங்களா. அந்த பங்களாவுக்காவது ஒருநாள் போலீஸ் தானாக வரக்கூடாதா?

மன்னிக்கவும். கேட்க வந்தது அதுவல்ல. கதை உங்களுடையது, எத்தனை முறை வேண்டுமானாலும் கடத்துங்கள். கடத்தப்பட்டவள் யார் என்பது கண் இல்லாதவருக்கும் தெரிந்தால் போதும்.

வருகிற திங்கட்கிழமை, எபிசோட் தொடங்கும் முன்போ முன்கதைச் சுருக்கத்திலோ, பெரியம்மாவாக இப்போது நடிப்பவரின் பெயரை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்லும்படி தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள். என் பேச்சு எடுபடவில்லை. டிவி சொன்னால் அம்மா நம்புவார்.

இப்படிக்கு,
உங்கள் நேயர் ஒருவரின் மகள்

பி.கு.: பெரியம்மா ஊருக்குக் கிளம்பும்போது பீரோ சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அவர் திரும்பி வருவதற்கு முன்பே சின்ன மாமா அந்த பீரோவைச் சாவி போட்டுத் திறந்தது எப்படி? இதை நான் கவனிக்கவில்லை. சாவிக்கொத்துச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்து, கேட்டு எழுதச் சொன்னது அம்மா.