வால்பேப்பர் உரிப்போர் கவனத்துக்கு

உறுப்பினர்களுக்கு வணக்கம். பெயின்ட் வேலைக்கு முன் வால்பேப்பர் உரிப்பவர்கள் முதலில் அந்த அறையின் மின்சாரத்தை நிறுத்துங்கள். வினைல் தாள் (பிளாஸ்டிக் மேலுறை உள்ளது) என்றால் மேலுறையை மூலையிலிருந்து காய்ந்தபடியே உரிக்கலாம். அடித்தாளை வெந்நீரில் நனைத்து 10-15 நிமிடம் ஊறவிட்டு, பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) பூசும் பிளேடைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டவும்.

பலர் கோட்டை விடுவது பசையில்தான். ஈரச் சுவரைத் தடவும்போது வழுக்கினால் பசை மிச்சம் இருக்கிறது. தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவுங்கள். பசைமேல் அடித்த பெயின்ட் வெடித்து உரியும். நன்றாகக் காய்ந்த பிறகே பட்டி, பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு).

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளில் தாளுக்கு அடியில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகிட்ட சுண்ணாம்புப் பூச்சு இருக்கலாம். அங்கே உப்புத்தாள், கம்பி பிரஷ் கூடவே கூடாது. சிமென்ட் பட்டியும் வேண்டாம். ஈரத்தை உள்ளே அடைத்துப் பூச்சையே உதிர்த்துவிடும். மெருகு நன்றாக இருந்தால் பெயின்ட்டே அடிக்காதீர்கள், தயவுசெய்து.