குவாட்டர்பேக் மாற்றமும் ரசிகர்களின் கோபமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டமே நடக்காத மார்ச், ஏப்ரல் மாதங்களில் அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள் தங்கள் அணியின் குவாட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் ஆட்டக்காரர்) மாற்றங்களைக் கேட்டுக் கொதித்தெழுவதைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு பந்துகூட வீசப்படாத காலத்தில் இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு என்று கட்டுரையாளர் சிரிக்கிறார். பிலடெல்பியாவுக்கு அருகில் வசித்து, அந்நகரின் ஈகிள்ஸ் அணியை நீண்ட காலமாகக் கவனித்து வருபவன் என்ற முறையில், அந்தச் சிரிப்பில் என்னால் கலந்துகொள்ள இயலவில்லை. ரசிகர்கள் தவறு செய்வதில்லை என்று நான் வாதாடவில்லை. அவர்கள் கோபப்படுவதில் தவறில்லை, அந்தக் கோபத்தை யார் மேல் கொட்டுகிறார்கள் என்பதில்தான் தவறு இருக்கிறது என்பதே என் கருத்து.

அணியின் ஏறத்தாழ ஒவ்வொரு தாக்குதல் நகர்வும் குவாட்டர்பேக்கின் கையிலிருந்துதான் தொடங்குகிறது என்பதைத் தங்கள் வாசகர்களில் பலர் அறிவார்கள். அந்த ஒருவரைத் தேர்ந்தெடுப்பது மற்ற 52 பேரின் சம்பளத்தையும் சேர்த்தே தீர்மானிக்கிறது என்பது அந்த அளவுக்குத் தெரியாத செய்தி. என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குச் செலவிடும் தொகைக்கு ஆண்டுதோறும் உச்சவரம்பு விதிக்கப்படுகிறது. 2020-இல் 19 கோடியே 82 லட்சம் டாலராக இருந்த அந்த வரம்பு, 2025-இல் 27 கோடியே 92 லட்சம் டாலராக உயர்ந்தது. முன்னணி குவாட்டர்பேக் ஒருவருக்கு ஆண்டுக்கு ஐந்து கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொள்ளும் அணி, தடுப்பாட்டக்காரர்களிலும், வீசிய பந்தைப் பிடிக்கும் ரிசீவர்களிலும் யாரையாவது இழக்க ஆயத்தமாக வேண்டியதுதான். அதே சமயம், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வழியாக வரும் இளைஞரின் சம்பளமோ, 2011-இல் செய்துகொள்ளப்பட்ட தொழிலாளர் ஒப்பந்தம் தொடங்கி, அவர் எத்தனையாவதாகத் தேர்வானார் என்பதை வைத்து நான்கு ஆண்டுகளுக்குக் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களுக்கான சந்தை மார்ச் நடுவில் திறக்கிறது, டிராஃப்ட் ஏப்ரல் கடைசியில் நடக்கிறது. அந்த ஆறு வாரங்களில் எடுக்கும் முடிவைச் சுமந்துகொண்டுதான் அணி செப்டம்பரில் களமிறங்குகிறது. ஆகவே, ஆட்டம் தொடங்கட்டும், பிறகு பேசலாம் என்று ரசிகர்களைப் பார்த்துச் சொல்வது, வீட்டை விற்றுப் பத்திரமும் பதிவான பிறகு விலை பேச வரச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இனி அவர்கள் தவறும் இடத்துக்கு வருகிறேன். 1999 ஏப்ரலில் நியூயார்க்கில் நடந்த டிராஃப்டில் இரண்டாவது தேர்வு ஈகிள்ஸ் அணிக்குக் கிடைத்திருந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பந்தை ஏந்தி ஓடும் ஆட்டக்காரரான ரிக்கி வில்லியம்ஸைத்தான் எடுக்க வேண்டும் என்று நகரமே பேசியது. மேயராக இருந்த எட் ரெண்டலும் அந்தக் கட்சிதான். உள்ளூர் விளையாட்டு வானொலி ஒன்று சில பத்து ரசிகர்களைத் திரட்டி அரங்குக்கே அழைத்துச் சென்றிருந்தது. சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தின் குவாட்டர்பேக் டானவன் மெக்நாப் பெயர் அறிவிக்கப்பட்டதும் அந்தக் கூட்டம் கேலிக் கூச்சல் எழுப்பியது. வாழ்க்கையின் மிகப் பெரிய நாளில், கோட்டும் டையுமாக மேடையேறிய 22 வயது இளைஞர் அந்தக் கூச்சலைக் கேட்டபடியேதான் கை குலுக்கினார். மெக்நாப் தன்னைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவில்லை. தேர்ந்தெடுத்தது அணியின் நிர்வாகம். பின்னர் அவர் 11 பருவங்கள் ஆடி, அணியை ஐந்து முறை மாநாட்டு இறுதியாட்டத்துக்கும் (அரையிறுதிக்கு ஒப்பானது) 2005 பிப்ரவரியில் லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் பவுலுக்கும் கொண்டு சென்றார். அப்படியிருந்தும், அந்த முதல் நாள் கூச்சல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டே வந்தது. இன்றும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள்.

அதே நகரில் 2020-இல் நடந்தது இன்னும் சிக்கலானது. அதற்கு முந்தைய ஆண்டுதான் கார்சன் வென்ட்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 12 கோடியே 80 லட்சம் டாலர் மதிப்பில் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டிருந்தது. அப்படி இருக்க, இரண்டாம் சுற்றில், 53-ஆவது தேர்வில், ஜேலன் ஹர்ட்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கை ஈகிள்ஸ் எடுத்தது. ஊரடங்குக் காலமாதலால் வேலிக்கு அப்பால் நின்றே பேசிக்கொண்டிருந்த என் அடுத்த வீட்டுக்காரர், வென்ட்ஸின் 11-ஆம் எண் சட்டையை அணிந்தபடி, பந்தைப் பிடிக்க ஆளில்லாத அணிக்குப் பந்து வீச இரண்டு பேர் எதற்கு என்று கேட்டார். கேள்வி நியாயமானது, எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. குவாட்டர்பேக்குகளை உருவாக்கும் தொழிற்சாலையாக இருக்க விரும்புகிறோம் என்று பொது மேலாளர் ஹோவி ரோஸ்மேன் சொன்ன விளக்கம் எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தது. ஆனால் வசவு வாங்கியவர் ரோஸ்மேன் மட்டும் அல்லர். அதுவரை ஒரு தவறும் செய்யாத ஹர்ட்ஸுக்கும் அதில் பங்கு கிடைத்தது. அவருக்குப் பந்து வீசவே தெரியாது என்றும், அவர் குவாட்டர்பேக் அல்லாத வேறு பொறுப்புக்கு மாறி ஆடட்டும் என்றும் பேசினார்கள்.

பின்கதை பலரும் அறிந்ததே. அந்த டிசம்பரில் வென்ட்ஸ் வெளியே உட்கார வைக்கப்பட்டார், 2021-இல் இண்டியானாபொலிஸ் அணிக்குக் கைமாற்றப்பட்டார். அவர் போன பிறகும் 3 கோடியே 38 லட்சம் டாலர் ஈகிள்ஸ் அணியின் உச்சவரம்புக் கணக்கில் பாரமாக நின்றது. ஹர்ட்ஸின் முதல் ஒப்பந்தமோ நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்துச் சுமார் 60 லட்சம் டாலர்தான். அந்த மலிவு தந்த இடத்தில்தான் 2022-இல் ரிசீவர் ஏ.ஜே. பிரவுனைக் கொண்டுவந்து பெரும் சம்பளம் கொடுக்க முடிந்தது. 2025 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் கேன்சஸ் சிட்டியை 40-22 என்று வீழ்த்திய சூப்பர் பவுலில் ஹர்ட்ஸே சிறந்த ஆட்டக்காரர்.

ஆகவே ரசிகர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அதே 2020 டிராஃப்டின் முதல் சுற்றில், 21-ஆவது தேர்வாக ஈகிள்ஸ் ரிசீவர் ஜேலன் ரேகரை எடுத்தபோதும் முணுமுணுப்பு எழுந்தது. அடுத்த தேர்விலேயே மின்னசோட்டா எடுத்துக்கொண்ட ஜஸ்டின் ஜெஃபர்சன் இன்று இந்த ஆட்டத்தின் தலைசிறந்த ரிசீவர்களில் ஒருவர். ரேகர் இரண்டு பருவங்களுக்குப் பிறகு அணியை விட்டு அனுப்பப்பட்டார். வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் சில நேரங்களில் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களைவிடச் சரியாகவே போடுகிறார்கள்.

பிலடெல்பியாவுக்கு மட்டும் உரிய குணம் இது என்று அமெரிக்க ஏடுகள் எழுதுவதுண்டு. அப்படியில்லை. 2024 மார்ச்சில் அட்லாண்டா ஃபால்கன்ஸ், கர்க் கசின்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கு 18 கோடி டாலர் வரை தர ஒப்பந்தம் செய்தது. அதில் 10 கோடி உறுதியளிக்கப்பட்ட தொகை. அடுத்த மாதமே, எட்டாவது தேர்வில், மைக்கேல் பெனிக்ஸ் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கை எடுத்தது. அணியின் முறை வந்த பிறகுதான் கசின்ஸுக்கே தகவல் சொல்லப்பட்டது என்று அவருடைய முகவர் வெளிப்படையாகவே கூறினார். இதில் திகைப்படைய ரசிகர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் பேச்சு வெகு விரைவில் பெனிக்ஸின் வயதுக்கும், கல்லூரிக் காலத்தில் அவர் பட்ட காயங்களுக்கும் தாவிவிட்டது. டிசம்பரில் 16 இன்டர்செப்ஷன்களோடு (எதிரணியினர் பிடித்துக்கொண்ட வீச்சுகள்) கசின்ஸ் ஓரங்கட்டப்பட்டபோது, ஏப்ரலில் பெனிக்ஸை ஏசியவர்களில் பலரே அவரை இறக்குங்கள் என்று கேட்டார்கள்.

இவற்றில் எல்லாம் என் மனத்தை மிகவும் உறுத்துவது 2019 ஆகஸ்ட் 24 இரவுதான். இண்டியானாபொலிஸ் அணியின் ஆண்ட்ரூ லக், 29 வயதில் ஓய்வு பெறப் போகிறார் என்ற செய்தி, பருவத்துக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கசிந்துவிட்டது. அன்று அவர் ஆடவில்லை, ஓரத்தில் நின்றிருந்தார். தோள் காயத்தால் 2017 பருவம் முழுவதையும் இழந்து, அதற்கு முன்பு சிறுநீரகம் கிழிந்து, வலியும் சிகிச்சையுமாகவே ஆண்டுகளைக் கழித்த ஒருவர் ஆட்டம் முடிந்து உள்ளே நடந்து போகையில், சொந்த அரங்கத்திலேயே ஒரு பகுதியினர் அவரை நோக்கிக் கூச்சலிட்டார்கள். அது காதில் விழுந்தது, வலித்தது என்று சற்று நேரத்தில் செய்தியாளர்களிடம் அவரே ஒப்புக்கொண்டார். அவரைக் காக்க வேண்டியிருந்தும் ஆண்டுக்கணக்கில் அடிபட விட்ட அவருடைய அணியின் முன்வரிசையைக் கட்டியவர்கள் யார் என்று அன்று யாரும் கூச்சலிடவில்லை.

தங்கள் கட்டுரை ரசிகர்களின் வசைகளை எடுத்துப் போட்டிருக்கிறது. ஒப்பந்தத் தொகை எவ்வளவு, அதில் உறுதியளிக்கப்பட்டது எவ்வளவு, பழைய ஆட்டக்காரரை அனுப்பினால் உச்சவரம்பில் எவ்வளவு தங்கும், முடிவில் கையெழுத்திட்ட பொது மேலாளர் யார் ஆகிய விவரங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. இவை எல்லாம் பொதுவெளியில் கிடைப்பவை. அமெரிக்க விளையாட்டுகளுக்கும் பக்கம் ஒதுக்கும் ஒரு சில தமிழ் நாளிதழ்களுள் தங்களுடையது ஒன்று என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன். அடுத்த மார்ச் மாதம் இன்னொரு நகரில் இன்னொரு குவாட்டர்பேக்கின் சட்டையைக் கொளுத்தும் படம் தங்கள் மேசைக்கு வரும்போது, அந்தப் படத்துக்குக் கீழே இந்த நான்கு விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகன்,
எக்ஸ்டன், பென்சில்வேனியா