சூடம் கொளுத்தாவிட்டால் சாமி கோவிக்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோயிலுக்குள் விளக்கு போடவும் சூடம் கொளுத்தவும் கட்டுப்பாடு வைத்தால் பக்தியே போய்விடும் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நானும் போன வருஷம் வரை அந்தக் கட்சிதான். மகன் தைவான் தலைநகர் தைபேயில் வேலை பார்க்கிறான், ஒரு மாதம் அவனோடு இருந்துவிட்டு வந்தேன். அவன் ஆபீஸுக்குக் கிளம்பியதும் மெட்ரோவைப் பிடித்துக் கோயில் கோயிலாகச் சுற்றுவதுதான் எனக்கு வேலை.

சிங்தியான் கோயிலில் 2014 ஆகஸ்டிலேயே ஊதுபத்தியை நிறுத்திவிட்டார்கள், படையல் மேசையையும் எடுத்துவிட்டார்கள். புகையோடுதான் வேண்டுதல் மேலே போகும் என்று நம்புகிற ஜனங்கள் அவர்கள், நமக்குத் திருநீறு இல்லாத சிவன் கோயில் எப்படியோ அப்படி. வாசலில் பத்தி விற்றவர்களுக்கு வியாபாரம் படுத்துவிட்டது, அது வருத்தம்தான். ஆனால் கூட்டம் குறையவில்லை. நான் போனது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, நீல அங்கி போட்ட அம்மாமார் முன்னால் நீள வரிசை, கைக்குழந்தையோடு ஒரு பெண், பின்னாலேயே மடிப்புக் கலையாத சட்டையில் ஒரு ஆபீஸ்காரர். பயந்த கோளாறுக்கு மந்திரிக்கிறார்களாம்! நம்ம ஊரில் வேப்பிலை அடிப்பதேதான். அதற்குக் காசு கிடையாது, கோயிலில் உண்டியலும் கிடையாது. உள்ளே இருக்கிற சாமி குவான் யூ, சுமார் 1,800 வருஷத்துக்கு முன்னால் எதிரியிடம் பிடிபட்டு வெட்டுப்பட்டுச் செத்த தளபதி. கொல்லப்பட்டுச் சாமியான பட்டவராயனுக்குச் செருப்பு நேர்ந்து கட்டுகிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

லாங்ஷான் கோயில் 1738-ல் கட்டியது. 1945-ல் விமானக் குண்டு விழுந்து நடுக்கோயில் எரிந்தபோதும் அங்கே இருக்கிற குவான்யின் என்ற பெண் சாமியின் சிலை தப்பிவிட்டது. முன்னால் பௌத்தம், பின்னால் சீனர்களின் தாவோ மதச் சாமிகள், அதில் கல்யாணம் கூட்டிவைக்க என்றே ஒரு கிழவர் இருக்கிறார். அங்கேயும் 2020-லிருந்து பத்தி இல்லை. கண் எரிச்சல் இல்லாமல் நின்று பார்த்தேன். ஒரு பாட்டி பிறை மாதிரியான இரண்டு சிவப்புக் கட்டைகளை நெற்றியில் ஒற்றித் தரையில் போட்டார், டக்கென்று விழுந்தது. ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாக்கவும் விழுந்தால் சாமி சம்மதம், இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறதாம். பாட்டிக்கு மூன்று தடவையும் சாமி சிரித்தது, அவரும் சிரித்துக்கொண்டே நாலாவது தடவை போட்டார். நம்ம பூக்கட்டிப் பார்க்கிற வழக்கம்தான், வேறென்ன.

இன்னொன்று, அந்தக் குவான்யின் வேறு யாருமில்லை, சீனாவில் பெண்ணாகிவிட்ட அவலோகிதர் என்ற பௌத்த போதிசத்துவர். அவர் இருக்கும் பொதலகம் என்ற மலை நம்ம பொதிகைதான் என்று கருதுகிற ஆய்வாளர்கள் உண்டு. அகத்தியருக்குத் தமிழ் சொன்னவரே அவலோகிதர் என்று வீரசோழியம் என்ற பழைய தமிழ் இலக்கண நூல் சொல்கிறது. தினமும் காலையில் பொதிகையைப் பார்த்துப் பல் தேய்க்கிற எனக்கு அங்கே நிற்கும்போது என்னவோபோல் இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு யாளித் தூண். அதன் வாய்க்குள் ஒருவர் மிச்சத் திருநீற்றைக் கொட்டுவார், அதன்மேல் இன்னொருவர் அகலை வைப்பார், எண்ணெய் வழிந்து வழிந்து இப்போது கண் எது பல் எது என்று தெரியவில்லை, சுரண்டினால் நகக்கண்ணில் கறுப்பாகப் பிசுக்கு ஏறுகிறது. விளக்கே போடாதே என்று நான் சொல்லவில்லை. வெளிப்பிராகாரத்தில் ஒரே இடத்தில் மேடை போட்டுவிட்டு, திருநீறு கொட்ட ஒவ்வொரு தூணுக்கும் ஒரு கிண்ணம் வைத்தால் போதும். அதற்குப் போய் பக்தி எங்கே ஓடிவிடும்?

நானே போன வெள்ளிக்கிழமை ஒரு தேங்காய்ச் சிரட்டையை அந்தத் தூணடியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் சிரட்டையில் பாதிக்கு மேல் திருநீறு, அதன்மேல் ஒரு அகல் எரிந்துகொண்டிருந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
விக்கிரமசிங்கபுரம்.